தாங்குவதும் தழைப்பதும்

நகரங்களில் செடி விற்கும் நாற்றுப் பண்ணைகளுக்குச் செல்வோர் பலர் இன்று ஒரே வேண்டுகோளோடு செல்கிறார்கள்: "அதிகம் கவனிக்கத் தேவையில்லாத செடி ஏதாவது கொடுங்கள்." இந்த வேண்டுகோளில் குற்றம் காண இடமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. கணவனும் மனைவியும் விடியலில் புறப்பட்டு, இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். ஆயினும் பச்சை இலை ஒன்றையாவது கண்முன் வைத்திருக்க வேண்டும் என்னும் ஆசை மனித உள்ளத்தை விட்டு அகல்வதில்லை. மனிதனைத் தோட்டத்தில் குடியமர்த்திய இறைவன், அந்த ஆசையையும் அவனுள் விதைத்தே அனுப்பினார் போலும். எனவே பாம்புச் செடியும், சோற்றுக் கற்றாழையும், மணி பிளான்ட் கொடியும், இசட்-இசட் எனப்படும் செடியும் வரவேற்பறையின் மூலைகளுக்கு வந்து சேர்கின்றன.

"அதிகம் கவனிக்கத் தேவையில்லை" என்னும் சொற்றொடர் செடிகளோடு நின்றுவிடுவதில்லை. தொல்லை கொடுக்காத பிள்ளை, எதையும் கேட்காத தாய், முணுமுணுக்காத பணியாளர் ஆகியோரையும் ஏறத்தாழ இதே சொற்களால்தான் நாம் புகழ்கிறோம். ஆகவே அறநெறி சார்ந்த கேள்வி ஒன்று இங்கே எழுகிறது. குறைவாகக் கேட்பவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனும் குறைவுதானா? ஒன்றுமே கேளாதவருக்கு நாம் ஒன்றுமே கடன்பட்டிருக்கவில்லையா? தொட்டியில் நிற்கும் இந்த எளிய செடிகளைச் சற்று உற்றுநோக்கினால், இக்கேள்விக்கு விடை தேடும் வழி புலப்படும்.

இரவில் திறக்கும் இலைகள்

இச்செடிகள் குறைவாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பாம்புச் செடியின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. நிமிர்ந்து கூர்ந்த அதன் இலையைக் கண்டு 'மாமியார் நாக்கு' என்று வேடிக்கையாகப் பெயரிட்டவர்களும் உண்டு. நம் நாட்டு மருள் அதன் நெருங்கிய உறவு. மருளின் நாரைத் திரித்து வில்லுக்கு நாண் பூட்டிய காலம் ஒன்றிருந்தது. சோற்றுக் கற்றாழை அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. மழை எப்போது வரும் என்று அறிய முடியாத மண்ணில் பிறந்தவை இவை. ஆகவே ஒன்று இலையின் சோற்றில் நீரைச் சேமிக்கிறது. மற்றொன்று மண்ணுக்கடியில் உள்ள கிழங்கில் சேமிக்கிறது.

இவற்றின் சிக்கனம் இத்துடன் முடிவதில்லை. பெரும்பாலான செடிகள் பகலில் தம் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அவ்வேளையில் அவற்றின் நீரும் ஆவியாகி வெளியேறிவிடுகிறது. பாம்புச் செடி, கற்றாழை, ரணகள்ளி போன்றவையோ வெயில் வேளையில் கதவை அடைத்துக்கொள்கின்றன. குளிர்ந்த இரவில் திறந்து, காற்றைப் பெற்று, அமிலமாக்கிச் சேமித்து வைக்கின்றன. மறுநாள் அடைத்த கதவுக்குள்ளேயே கதிரவனின் ஒளிகொண்டு அதனை உணவாக்கிக்கொள்கின்றன.

இந்த விந்தையின் தொடக்கத் தடயங்களுள் ஒன்றைக் கண்டவர் நம் மண்ணோடு தொடர்புடையவர். மொரேவியச் சபையின் மறைப்பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் அவர். ரணகள்ளியின் இலையை மென்று பார்த்த அவர், அது காலையில் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றதாகவும், மாலையில் சற்றே கசப்பாகவும் இருப்பதைக் கண்டார். அதனை விவரித்து அவர் எழுதிய மடல் 1815-இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. காலையில் மட்டும் சுவைத்தவருக்கு அது புளிப்பு இலை. நண்பகலில் மட்டும் சுவைத்தவருக்குச் சுவையற்ற இலை. ஒரே செடியிடம் பல வேளைகளில் திரும்பிச் சென்றவருக்கே அதன் உள்வாழ்வு சிறிது புலப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? குறைவாகக் கேட்பதால் ஓர் உயிருக்குத் தேவையே இல்லை என்று முடிவு கட்டலாகாது. பற்றாக்குறையில் பழகிய உயிர், தன் தேவையை மறைவில் நிறைவு செய்துகொள்ளக் கற்றிருக்கிறது, அவ்வளவே. நம் ஊர்களில் கற்றாழையை வேரோடு பிடுங்கி, வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. கண்ணேறு படாது என்னும் நம்பிக்கையால் அதனைச் செய்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றி இங்கே விவாதிக்க வேண்டியதில்லை. மண்ணும் நீருமின்றி அது வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் பசுமையாக நிற்பது கண்டு வீட்டார் வியக்கிறார்கள். உண்மையில் அது அத்தனை நாளும் தன் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. வாசலைக் கடந்து போவோருக்கு அது தெரிவதில்லை.

இருவகை மரணம்

கவனிப்பு அதிகம் வேண்டாத இச்செடிகளும் நம் வீடுகளில் மடிகின்றன. அவை மடிவதற்கு முதன்மையான வழிகள் இரண்டு.

முதலாவது, மிகுந்த நீர். வேருக்கு நீர் வேண்டும். அதுபோலவே காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் நின்றுகொண்டுதான் வேர் மூச்சுவிடுகிறது. நாள்தோறும் நீர் ஊற்றினால் அவ்வெற்றிடங்கள் நிரம்பிப்போகின்றன. வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே தண்ணீரின் நடுவிலேயே செடி வாடத் தொடங்குகிறது. வாடிய இலையைக் கண்ட வீட்டுக்காரர், "ஐயோ, தாகம்!" என்று மேலும் ஒரு குவளை ஊற்றுகிறார். மிகுதியால் வாடும் இலையும், குறைவால் வாடும் இலையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இலையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பவரே வேறுபாட்டை அறிவார்.

இரண்டாவது, இருட்டு மூலை. "இதற்கு வெளிச்சம் தேவையில்லை" என்று சொல்லிப் பாம்புச் செடியைக் கழிவறை வாயிலிலோ மாடிப்படியின் அடியிலோ வைத்துவிடுகிறோம். அது உடனே வாடுவதில்லை. குறைந்த வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் புதிய இலை விடாது. விட்டாலும் மெலிந்து நீண்டு சாயும். தன் கையிருப்பை மெல்ல மெல்லச் செலவிட்டு, ஓராண்டோ ஈராண்டோ நின்ற இடத்திலேயே நின்று, பின்னர் ஒருநாள் அடியோடு சாய்கிறது. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!" என்கிறோம்.

மணி பிளான்ட் கொடியின் நிலையும் சிந்திக்கத்தக்கது. பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரேயா தீவு அதன் தாயகம். பெருமரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும்போது அதன் இலை ஒரு முழத்திற்கும் மேலாக விரியும். நாம் அறிந்த கொடிதானா இது என்று ஐயுறும்படி ஓரங்கள் பிளவுபட்டு நிற்கும். அதே கொடி நம் கண்ணாடிக் குப்பியில் உள்ளங்கை அளவு இலையோடு ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. குப்பியில் அது சாகவில்லை என்பது உண்மையே. ஆயினும் தாங்குவது வேறு, தழைப்பது வேறு. ஒன்று சாகாமல் இருக்கிறது என்பதை அது நலமாக இருக்கிறது என்பதாக எடுத்துக்கொள்வதுதான் நம் பிழைகள் பலவற்றின் வேர்.

அடக்கத் திருப்பலியில் கேட்கும் புகழுரை

செடிகளைப் பற்றிய இவ்வுண்மையை மனிதர்பால் திருப்பிப் பார்ப்போம். பங்குப் பணியில் பல்லாண்டுகள் கழித்த குருக்கள் எல்லாரும் கேட்டிருக்கக்கூடிய ஒரு புகழுரை உண்டு. அடக்கத் திருப்பலிக்கு முன்னர், இறந்தவரைப் பற்றி மறையுரையில் சொல்வதற்காக விசாரிக்கும்போது பிள்ளைகள் சொல்வார்கள்: "அம்மா எங்களுக்கு எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை, சாமி. கடைசிவரைக்கும் எதையுமே கேட்டதில்லை." கண்ணீரோடும் உண்மையான பாசத்தோடும் சொல்லப்படும் சொற்கள் இவை. ஆயினும் அவற்றைக் கேட்கும்போது உள்ளத்தில் ஒரு நெருடல் எழுகிறது. கேட்கவில்லை என்பது அந்தத் தாயின் பெருமை. அவர் கேளாமலே அறிந்துகொண்டோமா என்பது பிள்ளைகளைச் சார்ந்த கேள்வி. கண்ணில் புரை வளர்ந்து செபப் புத்தகத்தின் எழுத்துகள் மங்கியதை யார் முதலில் கண்டார்கள்? முழங்கால் வலியால் அவர் முழந்தாளிடுவதை நிறுத்திக்கொண்டது எந்த ஆண்டில்? வேளாங்கண்ணிக்கு இன்னும் ஒருமுறை போய்வர வேண்டும் என்று அவர் யாரிடமாவது சொல்லியிருந்தாரா?

மறுபுறம், மிகுந்த நீரும் உண்டு. "நீங்கள் எதையும் தொட வேண்டாம், அம்மா. பேசாமல் உட்கார்ந்திருங்கள்" என்று சொல்லி, சமையலறையையும், முருங்கைக்கீரை ஆய்வதையும், பேரக்குழந்தைக்குத் தலைவாரிவிடுவதையும் ஒவ்வொன்றாக அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அவர் மூச்சுவிட்ட இடங்களே அவைதாம். இரண்டு மாதங்களில் அவர் முகம் வாடுகிறது. வாடுவதைக் கண்டு, மேலும் ஓய்வு கொடுக்கிறோம்.

வீட்டுக்கு வெளியேயும் இதனைக் காணலாம். விடியுமுன் கோவில் கதவைத் திறந்து, மணியடித்து, பீடத்தை ஒழுங்குசெய்து, கடைசி விளக்கை அணைத்துவிட்டுப் போகும் கோவில் பணியாளரை எண்ணிப் பாருங்கள். திருவிழா முடிவில் நன்றியுரை ஆற்றும்போது கொடிமரத்திற்கும் தேருக்கும் நன்கொடை அளித்தோர் பெயர்கள் தவறாமல் வாசிக்கப்படுகின்றன. அவர் பெயர் விடுபட்டுப்போகிறது. ஊதிய உயர்வை அவர் கேட்டதில்லை. ஆகவே அது பற்றிப் பங்குப் பேரவையில் பேச்சும் எழுவதில்லை. பிடித்துவைக்கப்பட்ட கூலி தானே கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்றும் திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். தொழிலாளி வாய் திறவாவிட்டாலும் கூலி வாய் திறக்கும் என்பது எவ்வளவு அச்சமூட்டும் போதனை!

மூன்று எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. அவற்றை நேர்மையோடு எடைபோட வேண்டும்.

முதலாவது வாதம்: கேளாதவருக்கு உரிமை ஏது? உரிமை என்பது கோருவதில்தானே பிறக்கிறது? நீதிமன்றத்தில் இவ்வாதம் ஓரளவு செல்லும். அறநெறியில் செல்லாது. ஒவ்வொருவருக்கும் உரியதை அளிப்பதில் தளராத மனவுறுதியே நீதி என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்துத்தந்த விளக்கத்தின் சாரம். அங்கே அளவுகோல் உரியது என்பதே; கேட்கப்பட்டது என்பதன்று. பாம்புச் செடிக்கு வெளிச்சம் உரியது என்பது அதன் இயல்பிலிருந்து வருகிறது. மனிதருக்கு மதிப்பும் கவனமும் உரியவை என்பதும், அவர் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவர் என்பதிலிருந்து வருகிறது. அவர் குரலின் உரப்பினால் அது கூடுவதுமில்லை, மௌனத்தினால் குறைவதுமில்லை.

இரண்டாவது வாதம்: செடி வேறு, மனிதர் வேறு, தொட்டிச் செடி வாடியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? வேண்டாம். தாவரங்களை மனிதர் தம் தேவைக்குப் பயன்படுத்துவது பாவமன்று என்று அதே அக்குவினாஸ் தெளிவாகப் போதிக்கிறார். ஆயினும் எல்லாவற்றையும் பயனை மட்டும் கொண்டு மதிக்கும் பழக்கம் ஆபத்தானது. 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு ஒன்று, மூடிய சிறு அறைகளில் செடிகள் காற்றிலுள்ள சில நச்சுகளை அகற்றியதாகக் கூறியது. அன்று முதல், "காற்றைச் சுத்தமாக்கும்" என்பதற்காகவே பலர் இவற்றை வாங்கினர். பின்னர் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பீடோ, சாதாரண வீட்டில் அப்பயன் கிட்ட ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டும் என்று கணக்கிட்டது. பயன் பொய்த்துவிட்டால், செடியைத் தூக்கி எறிந்துவிடலாமா? ஒவ்வொரு படைப்பும் நமக்குப் பயன்படுவதற்கு அப்பாலும் கடவுளின் திருமுன் தன் மதிப்பைக் கொண்டிருக்கிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் நினைவூட்டினார். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வரை பாட்டி தேவை. குழந்தை பள்ளிக்குச் சென்றபின் பாட்டி பாரம் என்று எண்ணும் உள்ளம், ஒரே நாளில் உருவாகிவிடுவதில்லை. சிறிய பொருள்களில் பழகிய பார்வையே பெரியவற்றிலும் தொடர்கிறது.

மூன்றாவது வாதம்தான் வலிமையானது: நமக்கு இருப்பது இரண்டு கைகள், இருபத்து நான்கு மணி நேரம். படுக்கையில் கிடக்கும் தந்தை, தேர்வுக்குப் படிக்கும் மகள், கடன் கேட்டு வாசலில் நிற்கும் தம்பி என உரக்க அழைக்கும் தேவைகள் பல. கேளாதவரையும் கவனிக்க நேரம் ஏது? இது வெறும் சாக்குப்போக்கன்று; நம் இல்லங்களின் உண்மை நிலை. குறைவாகக் கேட்கும் செடியைத் தெரிந்துகொள்வதே, அந்த நேரத்தை நோயுற்ற தந்தைக்குக் கொடுப்பதற்காக இருக்கலாம். அது நல்லதே. ஆனால் இச்செடிகள் நம் கைகளுக்குத்தான் ஓய்வு தருகின்றன, கண்களுக்கு அன்று. மாதம் இருமுறை நீர் போதும். ஆயினும் அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒருமுறை பார்க்கலாம். கேளாதவருக்கு நாம் தர வேண்டியதும் பெரும்பாலும் பொருளோ, நெடுநேரமோ அன்று. நாம் அவரைக் கண்டோம் என்று அவர் அறிவதே பல வேளைகளில் போதுமானது.

காப்பது என்னும் சொல்

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில், ஆண்டவராகிய கடவுள் மனிதனை ஏதேன் தோட்டத்தில் அமர்த்தி, அதனைப் பண்படுத்தவும் காக்கவும் பணிக்கிறார். 'காத்தல்' என்பதற்கு எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'ஷாமர்'. இரு அதிகாரங்கள் கழித்து அதே வேர்ச்சொல்லை மீண்டும் சந்திக்கிறோம். உன் சகோதரன் எங்கே என்று ஆண்டவர் வினவும்போது, நான் அவனுக்குக் காவலாளியா என்று காயின் எதிர்க்கேள்வி கேட்கிறானே, அந்தக் காவலும் 'ஷாமர்' என்னும் வேரிலிருந்து பிறந்ததே. செடியைக் காக்கும் கடமையும் சகோதரனைக் காக்கும் கடமையும் விவிலியத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. தோட்டத்தில் கற்கத் தொடங்கிய பாடத்தைக் காயின் வயல்வெளியில் மறுதலித்தான். ஆபேலும் தனக்காக ஒரு சொல்லும் பேசியதாகத் தொடக்கநூல் பதிவு செய்யவில்லை. அவன் இரத்தம் பேசிற்று; ஆண்டவர் கேட்டார்.

கானாவூர்த் திருமண வீட்டில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். திராட்சை இரசம் தீர்ந்துபோனது. மணவீட்டார் அன்னை மரியாவிடம் வந்து எதையும் கேட்டதாக யோவான் எழுதவில்லை. பந்தியின் இரைச்சலுக்கு நடுவிலும் அவர் தாமே கவனித்தார், தம் மகனிடம் ஒரே வரியில் சொன்னார், ஒதுங்கிக்கொண்டார். கேளாதவருக்கு உரியதைச் செய்வது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த மாதிரி நமக்கு வேண்டுமா?

அதேவேளையில், பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்தவரிடம் இயேசு முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்: நலம் பெற அவர் விரும்புகிறாரா என்று. விடை வெளிப்படை என்று நாம் நினைப்போம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னர்தான், தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்னும் தம் தனிமையை அவர் வெளியிடுகிறார். நாம் கேட்குமுன்பே நம் தேவையை அறிந்திருக்கும் தந்தையின் மகன், அறிந்திருந்தும் கேட்டார். தாமாகவே அறிந்துகொள்வது ஒன்று. அறிந்துவிட்டோம் என்னும் துணிவில் ஊற்றித் தள்ளாமல், நின்று கேட்பது மற்றொன்று. அன்புக்கு இவ்விரண்டும் தேவை.

மண்ணைத் தொட்டுப் பார்த்தல்

இவ்வகைச் செடிகளை வளர்ப்பதற்கான விதிகள் மிகச் சில. தொட்டியின் அடியில் நீர் வடியும் துளை இருக்க வேண்டும். தோட்டமண்ணோடு ஆற்றுமணலும் மக்கிய உரமும் கலந்து, நீர் தேங்காத கலவையாக வைக்க வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து நீர் ஊற்றலாகாது. இரண்டு அங்குல ஆழத்திற்கு விரலை விட்டு, மண் காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும். பாம்புச் செடிக்குக் கோடையில் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒரு முறையும், மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையும் போதும். இலைகளில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இருட்டு மூலையில் இருப்பதை அவ்வப்போது சன்னலருகே மாற்றிவைக்க வேண்டும். வெளிச்சம் எல்லாப் பக்கமும் படும்படி தொட்டியைச் சிறிது திருப்பிவைக்க வேண்டும். இவை அனைத்தையும் சேர்த்தாலும் வாரத்திற்குப் பத்து நிமிடங்கள் ஆகா.

இல்லம் ஒரு குட்டித் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. அந்தத் திருச்சபையில் உரக்க மன்றாடுவோரும் இருக்கிறார்கள். உதடு அசையாமல் மன்றாடுவோரும் இருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை மாலை, தொட்டியின் மண்ணைத் தொட்டுப் பார்த்து முடித்தபின், வீட்டில் எதையுமே கேட்காதவர் யார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அவர் தாயாக இருக்கலாம். சண்டையிடாத நடுப்பிள்ளையாக இருக்கலாம். வேலைக்கு வரும் அக்காவாக இருக்கலாம். அவர் அருகே சென்று அமர்ந்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் அவர் சொல்வார். அத்தனை ஆண்டுப் பழக்கம் அது. எழுந்துவிடாதீர்கள். சற்று நேரம் உடனிருந்து, இன்னொரு முறை கேளுங்கள்.